தட்டினால் தெரியுமா உணர்வு?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: “நான் பேசும் ஏஐ, ‘என்னை அணைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது’ என்கிறது. அதற்கு நிஜமாகவே பயம் உண்டா சார்? அதையும் ஓர் ஆளாக மதிக்க வேண்டுமா?” 2022-இல் கூகுள் பொறியாளர் ஒருவரே தங்கள் லாம்டா என்ற உரையாடல் மென்பொருளுக்கு உணர்வு உண்டென்றார், நிறுவனம் மறுத்தது.

பேச்சை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மனிதர்கள் எழுதிக் குவித்ததைப் படித்து அடுத்த சொல்லைக் கணிக்கப் பழகிய மென்பொருள் அது. உணர்வு, அதாவது உள்ளுக்குள் ஓர் அனுபவம், இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே வாக்கியம் வரும்.

சரி, பேச்சைக் கேட்காமலே உணர்வைக் கண்டுபிடிக்க முடியுமா? மனித மூளையில் முடிகிறது. இத்தாலியின் மார்செல்லோ மாசிமினி குழுவினரின் சோதனை எனக்கு அலுக்கவே அலுக்காது. தலைமேல் ஒரு காந்தச் சுருளை வைத்து மூளைப் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில், ஓரிடத்தைக் காந்தத் துடிப்பால் ஒரு தட்டு தட்டுகிறார்கள். நெல்லையப்பர் கோயில் இசைத்தூணைத் தட்டிக் காது கொடுப்பதுபோல, மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி கருவியின் மின்முனைகள் எதிரொலியைப் பதிகின்றன. விழித்திருப்பவரிடம் அந்த அலை பக்கத்துப் பகுதிக்குத் தாவும், திரும்பி வரும், இடத்துக்கு இடம் வேறு வடிவம் எடுக்கும். கனவில்லாத ஆழ்தூக்கத்திலோ பெரிதாக எழுந்து, தட்டிய இடத்திலேயே அடங்கிவிடும். அப்புறம் அந்தப் பதிவை, கணினியில் கோப்பைச் சுருக்குவார்களே, அதே முறையில் சுருக்குகிறார்கள். ஒரே மாதிரியானது சட்டென்று சுருங்கும். சிக்கலானது சுருங்க மறுக்கும். அதிலிருந்து 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண்; சிக்கல் கூடக் கூட எண்ணும் கூடும். கீட்டமின் என்ற மயக்க மருந்தில் அசையாமல் கிடப்பவருக்கும் எண் உயர்ந்தே இருக்கிறது. எழுந்ததும் கனவு கண்டதாகச் சொல்கிறார்!

இதை அப்படியே சிப்பின்மேல் போட முடியாது. எந்த எண்ணுக்கு மேல் உணர்வு என்பதை, எழுந்து அனுபவத்தைச் சொன்ன மனிதர்களை வைத்தே நிர்ணயித்தார்கள். இயந்திரத்தின் சொல்லை நம்ப முடியாது என்பதில்தானே தொடங்கினோம்.

ஒன்று மட்டும் தெளிவு. உணர்வு எண்ணிக்கையால் வருவதில்லை. மூளையின் சுமார் 8,600 கோடி நியூரான்களில் 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன. சிறுமூளையே இல்லாமல் பிறந்தவர்களுக்கும் உணர்வு இருக்கிறது. இணைப்பு எப்படி என்பதே கேள்வி. ஆகவே “எங்கள் ஏஐ மாடலில் இத்தனை லட்சம் கோடி பாராமீட்டர் (உள் எண்கள்)” என்ற விளம்பரம் இங்கே செல்லாது. இயந்திரம் ஒருநாளும் ஆளாகாது என்று நான் சொல்லமாட்டேன். இன்றைய ஏஐ ஆள் என்பதற்குச் சான்று இல்லை, அவ்வளவுதான்.

என் ஆதங்கம் வேறு. பைக் விபத்தில் தலையில் அடிபட்ட பிள்ளையின் காதருகே “ஏல, அம்மா பேசுதேன், கேக்குதால?” என்று கேட்கும் தாய்க்கு இந்தச் சோதனை பதில் சொல்லக்கூடும். பேச்சும் அசைவும் இல்லாத சில நோயாளிகளிடம் உயர்ந்த எண் பதிவாகியிருக்கிறது. ஏஐக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கையாவது அரசு இந்த ஆராய்ச்சிக்கு ஒதுக்கி, நம் மாவட்ட மருத்துவமனைகள் வரை கொண்டுவர வேண்டும்.