தகல்லுஸ்: 'பாத்தர்' என்ற பெயரை முன்வைத்து

உருது, பஞ்சாபிக் கவிஞர்களைப் பற்றிய கட்டுரைகளில் 'தகல்லுஸ்' என்ற சொல் அடிக்கடி தலைகாட்டும். தமிழில் அதைப் 'புனைபெயர்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பல இடங்களில் அது போதும். ஆனால் பஞ்சாபிக் கவிஞரும் பேராசிரியருமான சுர்ஜித் பாத்தரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அந்த ஒரு சொல் பாதி தூரம்தான் வருகிறது.

தகல்லுஸ் அரபுச் சொல். கலப்பற்றிருத்தல், விடுபடுதல் என்ற பொருள்களைத் தரும் வேரிலிருந்து பிறந்தது. கலப்படமில்லாததைக் குறிக்கும் 'காலிஸ்' என்ற உருதுச் சொல்லுக்கும் அதுதான் வேர். சீக்கியர்களின் 'கால்சா'வும் அந்தக் குடும்பம்தான். அப்படிப் பார்த்தால் தகல்லுஸ் என்பதன் நேர்பொருள் 'விடுபட்டு வருதல்'. பெயருக்கும் விடுபடுவதற்கும் என்ன தொடர்பு? பழைய அரபுக் கசீதாவில், அதாவது நீண்ட புகழ்ப்பாட்டில், கவிஞர் முதலில் காதலியின் பிரிவைப் பாடுவார், பிறகு புரவலரைப் புகழத் தொடங்குவார். முதல் பகுதியிலிருந்து நழுவி அடுத்ததற்குள் போகும் அந்தத் திருப்பத்துக்குத்தான் தகல்லுஸ் என்று பெயர். சொல் பாரசீகத்துக்கு வந்தபோது, கவிஞர் தன் பெயரைச் சொல்லிப் பாட்டை முடிக்கும் வழக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. அப்புறம் அந்தப் பெயரையே குறிக்கத் தொடங்கிவிட்டது.

கஜல், ஈரடிகளைக் கோத்து எழுதும் கவிதை வடிவம். அதன் முதல் ஈரடி மத்லா, கடைசி ஈரடி மக்தா. தகல்லுஸ் உட்காரும் இடம் மக்தா. எல்லாக் கஜலிலும் அது இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. இருந்தால், அதுவரை 'நான்' என்று பேசிவந்த குரல் திடீரென்று தன்னையே வேறொரு ஆளைப்போல் பெயர் சொல்லிக் கூப்பிடும்.

இப்போது பாத்தர். 1945 ஜனவரி 14 அன்று ஜலந்தர் மாவட்டத்தின் பத்தர் கலான் கிராமத்தில் பிறந்தவர். 'கலான்' பாரசீகச் சொல், 'பெரிய' என்று பொருள். பஞ்சாபில் ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர் இருந்தால் ஒன்று கலான், மற்றது குர்த். நம் பக்கத்துப் பெரிய, சின்ன போலத்தான். ஊர்ப்பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் வைத்துக்கொள்வது அங்கே சாதாரணம். அரசியல் தலைவர்கள் பிரகாஷ் சிங் பாதல், ஹர்சந்த் சிங் லோங்கோவால் இருவருக்கும் பின்னால் நிற்பது ஊர்தான். படாலாவிலிருந்து வந்த கவிஞர் சிவ் குமார், படாலவி ஆனதும் இந்த வழியில்தான். 'உ.வே.சா.'வின் முதல் எழுத்துக்குள் உத்தமதானபுரம் இருப்பதை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை.

சுர்ஜித் ஊர்ப்பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் சுவையான இடம். 'பத்தர்' சற்று நீண்டு 'பாத்தர்' ஆயிற்று. பஞ்சாபியில் 'பாத்தர்' தனியாகவே பொருளுள்ள சொல், சமஸ்கிருத 'பாத்ர'த்தின் வழி வந்தது. கலம், நாடகத்தில் வரும் ஆள், ஒன்றைப் பெறத் தகுதியுள்ளவர் என்று மூன்று பொருளும் அதற்கு உண்டு. தமிழ்ப் 'பாத்திரம்' இந்த மூன்றையும் சுமக்கிறது: சமையலறைப் பாத்திரம், கதாபாத்திரம், 'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்னும்போது வருகிற பாத்திரம். ஊரையும் விடாமல், அதற்குள் இன்னொரு சொல்லையும் ஒளித்து வைத்த பெயர். பேருந்துப் பலகையில் இருக்கும் ஊர்ப்பெயரைத் தகல்லுஸ் ஆக்க இதைவிட நேர்த்தியான வழி எனக்குத் தெரியவில்லை. ஆங்கில எழுத்துகளை மட்டும் பார்த்து 'படார்', 'பட்டர்' என்று எழுதினால் இந்த அழகெல்லாம் போய்விடும்.

மக்தாவில் அந்தப் பெயரை எப்படிப் பயன்படுத்துகிறார்? ஒரு கஜலில், காற்று வேண்டுமென்றே பாத்தரிடம் கேட்கிறது: மணலில் எழுதியிருந்தாயே உன் பெயர், அது என்ன ஆயிற்று? பெயரை அழித்ததே காற்றுதான், கேட்பதும் அதுதான். அவருடைய முதல் தொகுப்புகளில் ஒன்றின் தலைப்பு 'ஹவா விச் லிகே ஹர்ஃப்', அதாவது காற்றில் எழுதிய எழுத்துகள். இந்த ஈரடியில் 'பாத்தர்' என்பதற்குப் பதில் 'நான்' என்று போட்டுப் பாருங்கள், கேலி காணாமல் போய்விடும். மேலட்டையில் அச்சாகும் பெயர் செய்யாத வேலை இது.

படிப்பும் பணியும்: கபூர்தலாவில் இளங்கலை, பாட்டியாலா பஞ்சாபிப் பல்கலைக்கழகத்தில் முதுகலை, அமிர்தசரஸ் குரு நானக் தேவ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். லூதியானாவின் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தில் பஞ்சாபிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றார். பசுமைப் புரட்சிக்குப் பேர்போன இடத்தில் கவிதை கற்பித்தவர். ஸ்பானியக் கவிஞர் லோர்காவின் மூன்று துன்பியல் நாடகங்களையும் கிரீஷ் கர்னாடின் 'நாகமண்டல'த்தையும் பஞ்சாபிக்குக் கொண்டுவந்தார். 1993இல் சாகித்ய அகாதமி விருது, 2009ஆம் ஆண்டுக்கான சரஸ்வதி சம்மான், 2012இல் பத்மஸ்ரீ. அகாதமி விருதை 2015இல் எழுத்தாளர்களின் எதிர்ப்போடு சேர்ந்து திருப்பிக் கொடுத்தார். 2020 டிசம்பரில், போராடும் விவசாயிகளுக்கு ஆதரவாகப் பத்மஸ்ரீயையும் திருப்பித் தருவதாக அறிவித்தார். 2024 மே 11 அன்று லூதியானாவில் காலமானார்.

அவருடைய முனைவர் பட்ட ஆய்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாட்டார் மரபு குரு நானக்கின் வாணியில், அதாவது அவர் பாடிய பாடல்களில், எவ்வாறு உருமாறுகிறது என்பதே பொருள். நானக் பன்னிரு மாதப் பாட்டையும் ஒப்பாரியையும் பக்திப் பாடலாக்கியவர். அந்த வாணியிலும் பாட்டுக்குள் பெயர் வருகிறது: 'நானக்'. ஆனால் அங்கே கதை வேறு. இரண்டாம் குரு அங்கதும், மூன்றாம் குரு அமர்தாசும், பின்வந்த குருமார்களும் தாங்கள் இயற்றியவற்றிலும் 'நானக்' என்றே முத்திரையிட்டார்கள். யார் பாடியது என்று காட்ட மகலா 1, மகலா 2, மகலா 3 என்று தலைப்பில் எண் போட வேண்டியிருந்தது. ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது தகல்லுஸின் வேலை என்றால், இங்கே ஒரே பெயர் பலரை ஒன்றாக்கியது. வட இந்திய பக்தி மரபில் இதற்குத் தகல்லுஸ் என்று பெயரில்லை, 'சாப்' என்பார்கள். முத்திரை என்று பொருள்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

'மறைபெயர்' கூடவே கூடாது. தகல்லுஸ் யாரையும் மறைப்பதில்லை. 'புனைபெயர்' நல்ல சொல், ஏனென்றால் புனைதலில் அணிவதும் இயற்றுவதும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் புதுமைப்பித்தன் என்ற பெயர் அவர் கதையின் கடைசி வரியில் வந்து நிற்பதில்லை. பாட்டுக்குள் நிற்கும் பெயருக்கு நம்மிடம் வேறு மரபு இருக்கிறது. சம்பந்தர் தேவாரப் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தன்னைப் பெயர் சொல்லியே முடிப்பார், பல சமயம் 'காழி ஞானசம்பந்தன்' என்று ஊரோடு சேர்த்து. அந்தக் கடைசிப் பாட்டுக்குத் திருக்கடைக்காப்பு என்று பெயர். நம்மாழ்வார் 'குருகூர்ச் சடகோபன்'. கீர்த்தனைகளில் தீட்சிதரின் 'குருகுஹ'வை முத்திரை என்கிறோம்.

அதனால் என் வழக்கம் இது. வாழ்க்கைக் குறிப்பில் 'பாத்தர் என்ற புனைபெயர்' என்று எழுதுவேன். கஜலின் மக்தாவைப் பற்றிப் பேசும்போது 'முத்திரைப் பெயர்' என்பேன். திருக்கடைக்காப்பு என்ற சொல்லைக் கஜலுக்குக் கொண்டுபோக மாட்டேன், அது பதிகத்தின் சொத்து. வடிவத்தையே விளக்கும் கட்டுரையென்றால் 'தகல்லுஸ்' என்றே எழுதி, முதல் முறை வரும்போது பக்கத்தில் 'முத்திரைப் பெயர்' என்று சேர்த்துவிடலாம். கவிஞரின் பெயரை எழுதும்போது மட்டும் இரண்டு த் வரட்டும். 'பாதர்' என்று எழுதினால் தமிழ் வாசகர் மாதா கோயிலுக்குப் போய்விடுவார்.