வீடு கட்டினால் இயற்கை 10 சதவீதம் கூட வேண்டும்: இங்கிலாந்து விதி என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் வயல்வெளியிலோ புதர் மண்டிய நிலத்திலோ புதுக் குடியிருப்பு கட்டுகிறவர், அங்கே அழியும் செடிகொடி, உயிரினங்களின் வாழிடத்தை ஈடுகட்டினால் மட்டும் போதாது. முன்பு இருந்ததைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூட்டிக் காட்ட வேண்டும். 'பயோடைவர்சிட்டி நெட் கெயின்' என்று இதற்குப் பெயர். 2021 சுற்றுச்சூழல் சட்டத்தில் வந்த இந்த விதி, பெரிய திட்டங்களுக்கு 2024 பிப்ரவரி 12 முதலும் சிறியவற்றுக்கு ஏப்ரல் 2 முதலும் கட்டாயமானது.

இயற்கையை எப்படி அளப்பது? அரசே ஒரு கணக்கு முறை வைத்திருக்கிறது. புல்வெளியோ குளமோ, அதன் பரப்பு, வகை, இப்போதைய நிலைமை பார்த்து யூனிட் போடுவார்கள். 20 யூனிட் தேறும் நிலம் என்றால் முடிவில் 22 வேண்டும். உயிர்வேலிக்கும் ஓடைக்கும் தனித்தனிக் கணக்கு. ஒன்றில் மிஞ்சியதை இன்னொன்றில் சேர்க்க முடியாது. புதிதாக நடும் கன்று வளர வருடக்கணக்காகும் என்பதால் அதற்கு மதிப்பைக் குறைத்தே தருவார்கள். வீட்டுக் கொல்லைத் தோட்டங்களைக் காட்டியும் அதிகம் தேற்ற முடியாது. வாங்குகிறவர் நாளைக்கே கல் பாவிவிடலாம் அல்லவா!

எனக்குப் பிடித்தது இதிலுள்ள ஒரு தேதி. அனுமதி கேட்பதற்கு முன்பே ராவோடு ராவாகப் புதரை வெட்டித் தள்ளிவிட்டு, 'இது வெறும் தரிசு' என்று கணக்குக் காட்டுபவர்கள் எந்த ஊரிலும் உண்டு. 2020 ஜனவரி 30 முதல் அப்படித் திட்ட அனுமதி இல்லாமல் அழித்திருந்தால், வெட்டுவதற்கு முன் இருந்த நிலைதான் கணக்கில் வரும்.

மனைக்குள் இடம் போதாவிட்டால் வேறிடத்தில் வாழிடம் உருவாக்குபவரிடம் யூனிட் வாங்கலாம். அதை 30 ஆண்டு பராமரித்தாக வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால்தான் அரசு விற்கும் 'கிரெடிட்' வாங்கலாம், குறையும் ஒரு யூனிட்டுக்கு இரண்டு கிரெடிட் வீதம். இந்த 10 சதவீதத்தை எப்படி எட்டப் போகிறோம் என்ற திட்டத்தை உள்ளூர் கவுன்சில் ஏற்கும்வரை கட்டுமானம் தொடங்கக் கூடாது.

சரி, சொந்த வீட்டில் ஒரு அறை கூட்டிக் கட்டுகிறவர்? அவருக்கு இந்த 10 சதவீதம் கிடையாது. ஆனால் வௌவாலுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, அதில் விலக்கு இல்லை. கூரைக்குள் வௌவால் தங்கும் இடம் இருந்தால், அந்நேரம் ஒன்றுகூட இல்லாவிட்டாலும், லைசென்ஸ் இல்லாமல் அதைச் சேதப்படுத்துவது குற்றம். அவை அந்தியில் வெளியே பறக்கின்றனவா என்று பார்க்கும் ஆய்வு பொதுவாக மே முதல் செப்டம்பர் வரைதான் நடக்கும். அக்டோபரில் நினைவு வந்தால், கூரை வேலை அடுத்த மே வரை காத்திருக்க வேண்டியதுதான்.