உப்பு நீரில் ஊறிய கீரையும் ஒட்டுண்ணி முட்டைகளும்

மலப் பரிசோதனையில் உருளைப்புழுவின் முட்டை தெரிந்ததாகச் சொன்னால், "கீரையை உப்பும் மஞ்சளும் கலந்த நீரில் ஊறவைத்துத்தானே சமைக்கிறோம்?" என்று பலர் திகைப்புடன் கேட்கிறார்கள். அந்த ஊறல் மண்ணையும் சிறு பூச்சிகளையும் கழற்றுமே தவிர, முட்டையைக் கொல்லாது. வினிகரும் அப்படித்தான், பாக்டீரியாவை அழிக்கும் குளோரின் அளவுகூட முட்டையின் தடித்த ஓட்டிடம் தோற்றுவிடும்.

சந்தைக் கீரையை ஆய்வுக்கூடத்தில் உப்புக் கரைசலில் குலுக்கி, அந்நீரைத் தெளியவிட்டு, அடியில் தங்கும் வண்டலை மையவிலக்கியில் சுழற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறோம். மகரந்தத் துகளை முட்டையென்றும், மண்ணில் தானாக வாழும் நுண்புழுவைக் கொக்கிப்புழுவென்றும் புதியவர்கள் குறித்துவிடுவதுண்டு. கீரையில் நெளிவதெல்லாம் நமக்கு நோய் தருவதன்று.

ஒரு பெண் உருளைப்புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சம் முட்டைகள் இடும். மலத்துடன் வெளியேறியவுடன் அவை தொற்றுவதில்லை. ஈரமண்ணில் இரண்டு மூன்று வாரங்கள் கிடந்து, உள்ளே இளம்புழு வளர்ந்த பின்னரே தொற்றும், அதன்பின் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். எனவே வேரோடு பிடுங்கி, வாய்க்காலில் அலசி, கடையில் வாளித் தண்ணீர் தெளித்துத் தெளித்து வைக்கப்படும் முளைக்கீரைக் கட்டில் அவை ஒட்டியிருப்பது வியப்பில்லை. பாசனத்துக்கு விடும் கழிவுநீரில் லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்ததும் இதனால்தான்.

நான் அதிகம் அஞ்சுவது பன்றி நாடாப்புழுவின் முட்டையை. அந்த இறைச்சியைத் தொட்டறியாத குடும்பத்துப் பிள்ளைக்கு வலிப்பு வந்து, மூளையில் நீர்க்கட்டி இருப்பது தெரியும்போது பெற்றோர் நம்ப மறுக்கிறார்கள். சரியாக வேகாத இறைச்சியால் வருவது குடலில் வாழும் புழு; மூளைக் கட்டியோ, அப்புழுவைச் சுமப்பவரின் மலத்திலிருந்து வந்த முட்டை, கைவழியாகவோ நீர், காய்கறி வழியாகவோ நம் வாய்க்குள் போவதால் வருவது.

நன்றாக வெந்த மசியலைப் பற்றிக் கவலை வேண்டாம். கொதிக்கும் ரசத்தில் இடும் கொத்தமல்லியும் அப்படியே. நீர்மோர், தயிர்ப் பச்சடி, பச்சையாக அரைக்கும் புதினாச் சட்னி ஆகியவற்றில்தான் கவனம் வேண்டும். வேரை முதலில் வெட்டியெறிந்து, கட்டைப் பிரித்து, நறுக்குவதற்கு முன்பே ஓடும் நீரில் ஒவ்வோர் இலையையும் இருபுறமும் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். அப்போதும் எல்லா முட்டையும் போய்விடும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதால், என் வீட்டில் புதினாவை வதக்கித்தான் அரைக்கிறோம். பள்ளிகளில் தரும் அல்பெண்டசோல் மாத்திரை குடலில் இருக்கும் புழுவைத்தான் அழிக்கும். அடுத்த வாரம் வாங்கும் கீரைக் கட்டிலிருந்து வரும் முட்டையை அது தடுக்காது.