எலி ஏன் தடுப்பில் ஏறவில்லை?

எலி ஓடும் பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் கொஞ்சம் தீனி, நடந்து போனாலே கிடைத்துவிடும். மறுபக்கம் நிறைய தீனி, ஆனால் குறுக்கே ஒரு தடுப்பு. ஏறித் தாண்ட வேண்டும். சாதாரண எலி பெரும்பாலும் தடுப்பில் ஏறிவிடும்.

அமெரிக்க ஆய்வாளர் ஜான் சாலமோனும் அவர் குழுவினரும் எலி மூளையின் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற சிறு பகுதியில் டோபமின் என்ற வேதிப்பொருளைக் குறைத்துப் பார்த்தார்கள். எலி சுலபமான பக்கமே போக ஆரம்பித்தது. உடம்பில் வலு இல்லையோ என்றால் அதுவும் இல்லை. சுலபமான பக்கத்தில் தீனியே வைக்காதபோது அப்படிப்பட்ட எலிகளும் தடுப்பில் ஏறின. பசியும் இருந்தது, ஏறவும் முடிந்தது. 'இதற்காக இவ்வளவு பாடுபடணுமா?' என்று மூளை போடும் கணக்கு மட்டும் மாறியிருந்தது. என்னைக் கேட்டால், உழைப்பைப் பற்றி அறிவியல் சொன்னவற்றில் இதுதான் முக்கியமானது.

மனிதர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 2012-இல் வெளியான வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வில் பங்கேற்றவர்களுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, பழகிய கையின் ஆள்காட்டி விரலால் 7 நொடியில் 30 முறை பொத்தானை அழுத்துவது. மற்றொன்று, பழகாத கையின் சுண்டுவிரலால் 21 நொடியில் 100 முறை. இதற்குப் பணம் அதிகம். மேசைமேல் சுண்டுவிரலைத் தட்டிப் பாருங்கள், நாற்பதைத் தாண்டுவதற்குள் கடுக்க ஆரம்பித்துவிடும். பணம் கிடைக்கும் வாய்ப்பு குறைவு என்று தெரிந்தும் கடினமான வேலையை அதிகம் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, மூளையின் ஸ்ட்ரையேட்டம் பகுதியில் டோபமின் இயக்கம் கூடுதலாக இருந்தது.

அப்படியென்றால் சோம்பேறி பிறவியிலேயே சோம்பேறியா? ஒரு பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. உளவியலாளர் ராபர்ட் ஐசன்பெர்கர் 1992-இல் 'கற்றுக்கொண்ட உழைப்பு' என்ற கருத்தை விரிவாக முன்வைத்தார். கஷ்டப்பட்டுச் செய்ததற்குப் பின்னால் திரும்பத் திரும்பப் பலன் கிடைத்தால், கஷ்டப்படும் அந்த உணர்வோடு பலனும் ஒட்டிக்கொள்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக உழைப்பின் கசப்பு குறைகிறது. எலிகளிடமும் குழந்தைகளிடமும் செய்த சோதனைகளில், ஒரு வேலையில் இப்படிப் பழகிய விடாமுயற்சி, அதோடு சம்பந்தமே இல்லாத வேறு வேலையிலும் தலைகாட்டியது. எளிதான கணக்கைச் சட்டென்று முடித்ததற்குக் கிடைக்கும் பாராட்டில் இந்தப் பிணைப்பு உருவாக வழியில்லை. மூன்று முறை அடித்துத் திருத்தி, நான்காவது முறை விடை வந்த கணக்குக்கு அப்போதே கிடைக்கும் ஒரு 'சபாஷ்' போதும், அது உருவாக ஆரம்பிக்கும்.