"எனக்கு மேரியைத்தான் பிடிக்கும்" என்று உங்கள் பிள்ளை சொன்னால்

பெரியவர்களே இல்லாத ஊரில் பிள்ளைகள் அடித்துக்கொண்டு சாகும் நாவலை மகள் படிக்கிறாள், பிடுங்கி வைத்துவிடலாமா? வளரிளம் பருவத்தினருக்கு ஆலோசனை சொல்பவள் என்பதால் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பிடுங்காதீர்கள். எந்தப் பாத்திரத்தைப் பிடிக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

மைக்கேல் கிராண்ட் எழுதி 2008இல் வந்த 'கான்' (Gone) என்ற ஆங்கில நாவலை எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவின் ஒரு கடற்கரை ஊரில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒரே நொடியில் மறைந்துவிடுகிறார்கள். அடுத்து வருவது பசி, துப்பாக்கி, கும்பல் சண்டை, மரணம். பெற்றோர் புரட்டிப் பார்த்துப் பதறுவது இந்தப் பக்கங்களைத்தான். பிள்ளைகளில் பலர் இவற்றைக் கதையாகவே படித்து முடித்து, அடுத்த பாகம் எங்கே என்று தேடுகிறார்கள்.

நான் கவலைப்படுவது, அந்த நாவலில் வரும் மேரியைப் பிடிக்கும் என்று சொல்லும் பிள்ளைகளுக்காக. அநாதரவாக நிற்கும் பச்சைக் குழந்தைகளுக்குக் காப்பகம் நடத்தும் சிறுமி மேரி. டயப்பர் மாற்றுவதும் சோறூட்டுவதும் அழுகிற குழந்தையைத் தூங்கவைப்பதும் அவள் வேலை. ஊரே அவளை மெச்சுகிறது. அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டு அதை வலிய வாந்தியெடுக்கும் புலிமியா என்ற உணவுக் கோளாறு அவளுக்கு இருக்கிறது. அதைக் கவனித்துக் கேட்கப் பெரியவர் எவருமில்லை.

"அவளும் என்னை மாதிரிதான்" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, நாவலை அப்படியே விட்டுவிட்டு வீட்டைப் பற்றி விசாரிக்கிறேன். காலையில் அடுப்பு பற்றவைப்பது யார்? தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது யார்? அம்மா நோயில் படுத்திருக்கலாம், அப்பா குடித்துவிட்டு வரலாம், இருவருமே இரவு ஷிஃப்டில் இருக்கலாம். "பொறுப்பான பொண்ணு" என்ற பாராட்டு கிடைத்த பிறகு, முடியவில்லை என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு வாய் வருவதில்லை. மேரியைப் பற்றி என்றால் மணிக்கணக்கில் பேசுகிறது.

புலிமியா உள்ளவர்களின் எடை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், அதனால்தான் வீட்டில் தெரியாமல் போகிறது. சாப்பிட்ட கையோடு கழிப்பறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவது, தாடையோரம் வீக்கம், பல் எனாமல் தேய்வது, விரல் முட்டிகளில் தழும்பு, வீட்டில் தின்பண்டம் மறைவது ஆகியவற்றைக் கவனியுங்கள். ஓயாத வாந்தியால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் இதயத்துடிப்பே தடுமாறும். திட்டாமல், உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனநல மருத்துவர் என்றதும் தயங்கினால் குழந்தைநல மருத்துவரிடமாவது தொடங்குங்கள்.

நாவலைப் படித்துவிட்டு, நிஜத்திலும் பிள்ளைகள் இப்படித்தான் ஆவார்களா என்று கேட்பவர்களிடம் டோங்கா நாட்டுச் சிறுவர்களைப் பற்றிச் சொல்வேன். 1965இல் விடுதிப் பள்ளியிலிருந்து ஓடி, புயலில் சிக்கி, ஆளில்லாத ஆட்டா தீவில் ஒதுங்கிய ஆறு பேர் அவர்கள். 15 மாதம் கழித்து ஒரு படகோட்டி கண்டுபிடித்தபோது ஆறு பேருமே உயிரோடிருந்தார்கள். தோட்டம், சமையல், காவல் எல்லாவற்றையும் இருவர் இருவராக முறைபோட்டுச் செய்திருந்தார்கள். ஒருவன் பாறையில் விழுந்து கால் முறிந்தபோது மற்றவர்கள் கட்டுப்போட்டு, அவன் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்தார்கள்.

மேரிக்கு உதவிக்குச் சிலர் இருந்தாலும், காப்பகத்தின் பாரம் அவள் தலையில்தான் இருந்தது. உங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை தினமும் செய்யும் வேலைகளைச் சாப்பாட்டு மேசையில் எல்லோருமாக எழுதிப் பாருங்கள். எதை யார் வாங்கிக்கொள்வது என்று அன்றைக்கே முடிவு செய்யுங்கள்.