தோட்டா 5000 வாங்கலாம், சரி... கிடைக்குமா?

கடலூர் சில்வர் பீச்சில் பலூன் சுடும் கடையில் ஒரு ஏர்கன்னைக் கையில் கொடுப்பார்கள். குழல் லேசாகக் கோணியிருக்கும். சிவப்பு பலூனுக்குக் குறி வைத்தால் பக்கத்துப் பச்சை வெடிக்கும். அதில் போடுகிற ரவையும், ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் சுடுகிற ரவையும் பெரும்பாலும் ஒரே அளவுதான்: 4.5 மில்லிமீட்டர். கடையில் 'பாயிண்ட் ஒன் செவன் செவன்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். தரமும் விலையும்தான் வேறு.

அந்த விலையைப் பற்றித்தான் இப்போது துப்பாக்கி சுடும் விளையாட்டில் இருக்கிற எங்கள் வட்டத்தில் பேச்சு. பெல்லட், அதாவது ரவை, விலை ஏறிவிட்டது, உரிமத் துப்பாக்கிக்கான பாயிண்ட் டூ டூ (.22) தோட்டா கண்ணில் படவே இல்லை என்று ஆளாளுக்குப் புலம்பல். புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர், "கவர்மென்ட்டில் வருஷத்துக்கு 5000 தோட்டா தருகிறார்களாமே சார்?" என்று கேட்கிறார்கள். தருவதில்லை. வாங்கிக்கொள்ள அனுமதி தருகிறார்கள், அவ்வளவுதான். தோட்டாவை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

முதலில் லைசென்ஸே வேண்டாத பக்கம். 2016ஆம் ஆண்டுப் படைக்கல விதிகளின்படி, ஏர்கன்னின் குழல் 4.5 மி.மீ.க்கு மேல் போகாமலும், ரவை வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்றைக் காட்டிப் பில்லோடு வாங்கிக்கொள்ளலாம். பலர் தவறுவது இங்கேதான். 'ஏர்கன் என்றாலே லைசென்ஸ் வேண்டாம்' என்று நினைத்து 5.5 மி.மீ. குழல் உள்ளதை யாரிடமாவது பழசாக வாங்கிவிடுகிறார்கள். அதற்கு உரிமம் வேண்டும். ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் வழக்கு வழக்குதான்.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் இறங்கியது இந்த 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். அதனால் நம் பக்கத்துப் பிள்ளைகள் இதில் தொடங்குவது எல்லா வகையிலும் நல்லது. செலவும் இதில்தான் குறைவு, ஆனால் சுத்தமாக இல்லாமல் போகாது. தகுதிச் சுற்று 60 குண்டு. பயிற்சியில் ஒரு நாளைக்கு 100 போனாலும் 500 ரவை உள்ள டப்பா ஐந்து நாளில் காலி. போட்டித் தர ரவை பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வருகிறது. யூரோ ஏறினால் டப்பாவும் ஏறும்.

அடுத்தது பாயிண்ட் டூ டூ. இது வெடிமருந்துத் தோட்டா, 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்துக்குள் வருகிறது. 2019இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது சாதாரண உரிமதாரர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது, உரிமக் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாகக் கூடியது. விளையாட்டு வீரர்கள் பயந்துபோனார்கள். 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் அவர்களுக்கென்று விதிகளைத் தளர்த்தியது. ஒரு பிரிவில் பெயர் பெற்ற வீரர் 8, இரண்டு பிரிவென்றால் 10, அதற்கும் மேல் 12 துப்பாக்கி வரை வைக்கலாம். வளர்ந்துவரும் வீரர்களுக்கும் ஜூனியர்களுக்கும் இரண்டு. பயிற்சித் தோட்டாவின் ஆண்டு அளவும் கூடியது. பாயிண்ட் டூ டூ 1000இலிருந்து 5000. மற்ற பிஸ்டல், ரிவால்வர் தோட்டா 600இலிருந்து 2000. ஷாட்கன் 500இலிருந்து 5000.

5000 என்றால் மலைப்பாக இருக்கிறது அல்லவா? கணக்குப் போடுங்கள். பாயிண்ட் டூ டூ ஒரு பெட்டிக்கு 50. சரிபார்க்கும் குண்டுகளையும் சேர்த்து ஒரு முறை ரேஞ்சுக்குப் போனால் இரண்டு பெட்டி சுலபமாகக் காலியாகும். அப்படியானால் 5000 என்பது 50 நாள் பயிற்சி, அதாவது வாரம் ஒரு தடவை. பழைய 1000இல் பத்தே நாள்தான். ஷாட்கன் இன்னும் மோசம். பறக்கிற களிமண் தட்டைச் சுடும் டிராப் போட்டியின் தகுதிச் சுற்றில் 125 தட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு குண்டு வரை அனுமதி. முன்பிருந்த 500 தோட்டாவில் இரண்டு போட்டிக்கு மேல் உறுதியில்லை. அந்தக் காலத்தில் இதை எழுதிவைத்தவர் ரேஞ்சுப் பக்கம் வந்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

சரி, அனுமதி வந்துவிட்டது, தோட்டா ஏன் வரவில்லை? உள்நாட்டில் புனே பக்கத்துக் கட்கி தோட்டாத் தொழிற்சாலை இருக்கிறது. 2021இல் பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைப் பிரித்து ஏழு நிறுவனங்களாக்கியபோது அது மியூனிஷன்ஸ் இந்தியாவின் கீழ் வந்தது. அங்கே முதல் வாடிக்கையாளர் ராணுவம். நமக்குக் கடைசி வரிசை. போட்டிக்கு ஆடுகிறவர்கள் கேட்பது இங்கிலாந்தின் ஈலி, அல்லது லாபுவா, ஆர்.டபிள்யூ.எஸ். போன்ற வெளிநாட்டு பிராண்டுகள். இந்தத் தோட்டாக்களுக்கான உலகச் சந்தை 2020இல் கொரோனா நேரத்து அமெரிக்கக் கிராக்கியால் ஒருமுறை வறண்டது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ஐரோப்பாவில் வெடிமருந்து மூலப்பொருளெல்லாம் ராணுவ ஆர்டர்களுக்குப் பாய்ந்தது. இந்தியாவுக்குள் கொண்டுவருவதும் சாதாரண இறக்குமதி இல்லை. அனுமதி வேண்டும், பெரும்பாலும் தேசிய ரைஃபிள் சங்கம் வழியாகத்தான் சரக்கு வருகிறது. கப்பல் ஒரு மாதம் தாமதித்தால் நம் ஊர் ரேஞ்சில் மூன்று மாதம் வாய்ப்பந்தல்தான்.

இதில் இன்னொரு சிக்கல், வெளியாட்களுக்குப் புரியாது. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு 'லாட்', அதாவது ஒரே தடவையில் தயாரான தோட்டாத் தொகுதி, பிடிக்கும். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்து, ஐந்தாறு லாட்டை 50 மீட்டரில் சுட்டு, துளைகள் எதில் நெருக்கமாக விழுகின்றன என்று காகிதத்தை வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த லாட் தீர்ந்துபோனால் அதே பிராண்டின் அடுத்த லாட்டில் குறி கொஞ்சம் விரியும். அதனால் நல்லது கிடைத்தவர் மொத்தமாக அள்ளி வைத்துக்கொள்கிறார். பதுக்கல் என்று திட்டலாம், நான் திட்ட மாட்டேன், நானும் அதைத்தான் செய்வேன்.

செய்ய வேண்டிய முதல் வேலை, உரிமப் புத்தகத்தை எடுத்துப் பார்ப்பது. அதில் இரண்டு எண் இருக்கும்: ஒரு ஆண்டில் வாங்கக்கூடியது, ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கக்கூடியது. விதி மாறினாலும் புத்தகத்தில் எழுதியதுதான் கடைக்காரருக்கு வேதம். எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் செய்தித்தாள் நறுக்கோடு சென்னைக் கடைக்குப் போனார். புத்தகத்தில் பழைய 1000 இருந்தது. கெஞ்சிப் பார்த்தும் கூடுதலாக ஒரு பெட்டி தரவில்லை. கடைக்காரர் மேல் தப்பில்லை, விற்றதை அவர் பதிவேட்டிலும் உரிமத்திலும் குறித்தாக வேண்டும். மாற்றி எழுத உரிமம் கொடுத்த அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். கடலூர்க்காரருக்குக் கடலூர் ஆட்சியர், புதுச்சேரிக்காரருக்குப் புதுச்சேரி ஆட்சியர். ரைஃபிள் சங்க உறுப்பினர் சான்று, போட்டிச் சான்றிதழ், மதிப்பெண் தாள், இவற்றின் நகலை மனுவோடு வையுங்கள். வளர்ந்துவரும் வீரரா, பெயர் பெற்ற வீரரா என்பதைப் போட்டியில் எடுத்த தகுதி மதிப்பெண்தான் முடிவு செய்கிறது, எத்தனை வருஷமாகச் சுடுகிறீர்கள் என்பதல்ல.

அப்புறம் சங்கத்தில் தேவைப் பட்டியல் கேட்கும்போது முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். போட்டிக்கு இரண்டு மாதம் முன்னால் விழித்துக்கொள்கிறவருக்கு எப்போதும் மிச்சம்தான். சொந்த உரிமம் இல்லாதவர் பதிவு பெற்ற கிளப்பில் சேர்ந்தால், கிளப்பின் உரிமத்தில் உள்ள துப்பாக்கியிலும் தோட்டாவிலும் ரேஞ்சுக்குள் பயிற்சி எடுக்கலாம். தொடங்குகிறவருக்கு இதுவே போதும்.

செய்யவே கூடாதது ஒன்று. பற்றாக்குறையில் "மச்சான், இரண்டு பெட்டி கொடு, அடுத்த மாசம் திருப்பித் தருகிறேன்" என்று வாங்குவது. உரிமம் இல்லாதவர் கையில் தோட்டா மட்டும் இருந்தாலே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை.

எல்லை தாண்டுவதையும் சொல்லிவிடுகிறேன். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் முள்ளோடை. அங்கே சோதனைக்காரர்கள் தேடுவது பாட்டிலை, ஆனால் நீளமான கறுப்புப் பெட்டியைப் பார்த்தால் பேருந்தே திரும்பிப் பார்க்கும். ஏர் ரைஃபிளுக்குப் பில்லும் சங்க அட்டையும் போதும். உரிமத் துப்பாக்கி என்றால், உரிமம் எந்தப் பகுதிவரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் வேறு தேசம் மாதிரி. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சட்டமன்றத் தேர்தல் பெரும்பாலும் சேர்ந்தே வரும். போட்டி இருக்கிறவர்கள் சங்கக் கடிதத்தோடு விலக்குக் கேட்டு முதல் வாரமே மனுக் கொடுப்பது நல்லது.

பெல்லட்டை மொத்தமாக வாங்கி வைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். நம் ஊர் உப்புக்காற்றில் ஈய ரவை மேல் வெள்ளை மாவு மாதிரி பூக்கும். பூத்தது குழலுக்கும் ஆகாது, குறிக்கும் ஆகாது. டப்பாவைக் காற்றுப்புகாத டிபனில் போட்டு, சிலிக்கா பொட்டலம் இரண்டு வைத்து மூடுங்கள். அந்த டிபனைத் திரும்பச் சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள். ரேஞ்சை விட்டு வந்த கையோடு போண்டாவில் கை வைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்காருங்கள், அது ஈயம்.