கையடக்கக் கேமராவும் கல்யாண மண்டப வெளிச்சமும்

முகூர்த்த மாதம் முடிந்ததும் மெமரி கார்டோடு எங்கள் ஸ்டுடியோவுக்கு வருபவர்கள் பலரும், கேமராவில் 12 மெகாபிக்சல் என்று போட்டிருந்தும் படம் ஏன் புள்ளி புள்ளியாக மங்கித் தெரிகிறது என்றுதான் கேட்பார்கள். 6×4 அங்குலப் படத்தைத் தெளிவாக அச்சிட 1800×1200 புள்ளிகள், அதாவது 2 மெகாபிக்சலுக்குச் சற்றே அதிகமாக இருந்தால் போதும் என்பதால், குறை மெகாபிக்சலில் இல்லை. சாதாரணக் கையடக்கக் கேமராக்கள் பலவற்றில் படத்தைப் பதிவு செய்யும் சென்சார் ஏறத்தாழ 6.2×4.6 மில்லிமீட்டர்தான். முழு அளவுச் சென்சார் கொண்ட பெரிய கேமராவில் அது 36×24 மில்லிமீட்டர். பரப்பில் சுமார் 30 மடங்கு. இவ்வளவு சிறிய சென்சாருக்கு மண்டபத்து வெளிச்சம் எளிதில் போதுவதில்லை.

வெளிச்சம் குறைந்தால், தானியங்கி முறையில் இருக்கும் கேமரா ஐ.எஸ்.ஓ. எண்ணை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, உயர்த்தும், ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கும், அல்லது ஃபிளாஷை எரியவிடும். முதலாவதால் புள்ளிகள் வருகின்றன. இரண்டாவதால் கை அசைந்து படம் கலங்குகிறது. அதிகம் ஏமாற்றுவது மூன்றாவதுதான். இத்தகைய கேமராவின் ஃபிளாஷ் வெளிச்சம் பெரும்பாலும் 3 அல்லது 4 மீட்டரைத் தாண்டுவதில்லை. ஐந்தாவது வரிசையில் அமர்ந்து மணமேடையை ஃபிளாஷ் போட்டு எடுப்பவருக்கு, முன்வரிசைக்காரர்களின் பின்னந்தலைகள் பளிச்சென்று கிடைக்கும். மணமக்கள் இருளில் நிற்பார்கள். மேடையில் வீடியோக்காரர் ஏற்றி வைத்திருக்கும் விளக்கே நமக்குப் போதும் என்பதால், ஃபிளாஷை அணைத்துவிட்டு, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தூணிலோ நாற்காலியின் முதுகிலோ சாய்ந்து எடுப்பதே நல்லது.

வீட்டில் எடுப்பதானால் ஜன்னலுக்கு முதுகு காட்டி யாரையும் நிறுத்தக்கூடாது. ஜன்னலைப் பார்த்து நிற்கச் சொல்ல வேண்டும். உச்சிவெயிலில் கண்ணுக்குக் கீழே கரிய நிழல் விழும் முகம், திண்ணை நிழலுக்கு நகர்ந்ததும் எப்படி மாறுகிறது என்று ஒருமுறை பார்த்தவர் மறுபடி வாசலில் வைத்து எடுக்கமாட்டார்.

ஜூம் பற்றியும் சொல்ல வேண்டும். பல கேமராக்களில் ஜூம் செய்யாதபோது எஃப் 3.3 ஆக இருக்கும் லென்ஸ் திறப்பு, முழுவதும் இழுத்ததும் எஃப் 5.9 ஆகிவிடுகிறது (எண் கூடினால் திறப்பு சுருங்குகிறது என்று பொருள்), அதாவது, வரும் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது, கையசைவோ பெரிதாகிறது. இரண்டடி முன்னே நடப்பது அதைவிட மேல். டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெருக்குவதுதான். மெனுவில் அதை அணைத்துவிடலாம்.

ஷட்டர் பொத்தானை ஒரே மூச்சில் அழுத்தாமல், பாதி அழுத்தி, ஃபோகஸ் கட்டம் பச்சையான பிறகே முழுவதும் அழுத்த வேண்டும். வெள்ளை வேட்டியும் சட்டையும் படத்தை நிறைத்திருந்தால், கேமரா அவ்வெண்மையைச் சாம்பல் நிறமாக்கப் பார்த்து முகத்தையும் இருட்டாக்கிவிடும். அப்போது கூட்டல், கழித்தல் குறியுள்ள பொத்தானைக் கொண்டு +0.7 அல்லது +1 வைத்தால் முகம் தெளியும். லென்ஸையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சந்தனம் எடுத்த விரல் அந்தச் சின்னக் கண்ணாடியில் பட்டிருந்தால் விளக்குகளைச் சுற்றிப் புகைபோல ஒளி படரும்.

தேதி அச்சிடும் வசதியை அணைத்தே வைக்கலாம், ஏனெனில் தேதி கோப்பிலேயே பதிவாகிறது. நெடுநாள் பேட்டரி இறங்கிக் கிடந்த கேமராவின் கடிகாரம் தொடக்கத் தேதிக்குத் திரும்பியிருக்கும் என்பதால், அதை மட்டும் முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும். ஆவணியில் நடந்த ஒரு திருமணத்தின் படங்கள் அனைத்திலும் ஜனவரி 1 என்று விழுந்திருந்தது. மணப்பெண்ணின் சரிகைக் கரைமீது விழுந்த அந்த ஆரஞ்சு எண்களை அழிக்க, ஒரு படத்துக்கே எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.